சிக்னலில் அணையும் ஸ்கூட்டர்... கார்புரேட்டரை மாற்றும் முன் இதையெல்லாம் பார்த்தீர்களா?

காலை எட்டரை மணி, லஸ் கார்னர் சிக்னல். ஸ்கூட்டரின் முன்பக்கம் பள்ளிப் பை, பின்சீட்டில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளை, கொக்கியில் டிபன் பை. பச்சை விளக்கு விழப்போகும் நேரத்தில் இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துபோகிறது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் சுழல்கிறது, ஆனால் பிடிக்கவில்லை. பின்னால் ஹார்ன் சத்தம் ஏறுகிறது. மெட்ரோ பணிக்காகத் தடுப்பு வைத்துக் குறுக்கிய சாலையில் ஓரம்கட்டவும் இடமில்லை.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் சுற்றிவரும் பழைய ஸ்கூட்டர்களுக்கு இது அடிக்கடி நேர்கிற கதைதான். அடுத்த காட்சியும் தெரிந்ததே. தெருமுனை ஒர்க் ஷாப்பில் வண்டியை நிறுத்தினால், இரண்டு முறை முறுக்கிப் பார்த்துவிட்டு, "கார்ப் போயிடுச்சு மேடம், புதுசு போட்டுடலாம்" என்று தீர்ப்பு வரும். கேட்கிற தொகைக்கு மாதக் கடைசியில் யாரிடம் பணம் இருக்கும்?

உண்மையில், கார்புரேட்டர் 'போய்விடுவது' அபூர்வம். அது அடைத்துக்கொள்ளும், கசியும், யாரோ திருகி வைத்த ஸ்க்ரூவால் தடுமாறும். இனி உதவவே உதவாது என்கிற நிலை எப்போதாவதுதான் வரும். பல நேரம் குற்றவாளி அதுவாகவே இருக்காது. பழைய பிளக், தூசு அடைத்த ஏர் ஃபில்டர், கிழிந்த ஒரு சின்ன ரப்பர் என யாரோ செய்த தப்புக்கு கார்புரேட்டர் பழி சுமக்கும்.

உங்களுடையது கார்புரேட்டர் வண்டியா?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதையொட்டி ஆக்டிவா, ஜூபிடர், ஸ்கூட்டி பெப் பிளஸ் என வீட்டுக்கு வீடு நிற்கும் வண்டிகள் எல்லாம் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. சாவியைத் திருப்பியதும் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தால், அது இன்ஜெக்‌ஷன் வண்டி. அந்த விளக்கு இல்லாமல், சோக் இழுக்க ஒரு லீவரோ குமிழோ இருந்தால் கார்புரேட்டர் வண்டி. 2020-க்கு முன் வாங்கிய ஸ்கூட்டர் என்றால் பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

அப்படிப்பட்ட வண்டிகள் நம் ஊரில் குறைவில்லை. 2018 பிப்ரவரி 24-ம் தேதி சென்னையில் தொடங்கிவைக்கப்பட்ட அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்கும், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது மானியம். கடைகளில், கிளினிக்குகளில், வீட்டு வேலைகளில் இருந்த பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பதை விட்டு சொந்த வண்டியில் ஏறியது அப்போதுதான். அந்த முதல் இரண்டு வருட வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டர் காலத்தவை. முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், 2018-ல் வாங்கிய வண்டி 2033 வரை ஓடலாம். மானியத்தோடு கஷ்டப்பட்டு வாங்கிய வண்டியை, ஒரு சிக்னலில் அணைந்தது என்பதற்காக யாரும் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட முடியாது.

கொசு மருந்து பம்ப்பும் கார்புரேட்டரும்

பழைய வீடுகளில் கொசு மருந்து அடிக்கும் கை பம்ப் ஒன்று இருக்கும். தகர டப்பாவில் மருந்து, அதன் மேல் ஒரு மெல்லிய குழாய், பின்னால் இழுத்துத் தள்ளும் கைப்பிடி. வேகமாகக் காற்றைத் தள்ளும்போது குழாயின் வாயில் அழுத்தம் குறையும், கீழிருக்கும் மருந்து தானாக மேலேறி, பனித்துளியாகச் சிதறும். கார்புரேட்டர் செய்வதும் இதே வேலைதான். இங்கே காற்றைத் தள்ளுவதற்குப் பதில் இன்ஜின் உறிஞ்சுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கார்புரேட்டரின் அடியில் சின்னக் கிண்ணம் ஒன்று உண்டு. அதில் எப்போதும் ஒரே அளவுக்குப் பெட்ரோல் நிற்க வேண்டும். நம் கழிவறை ஃப்ளஷ் டேங்க்கில் இருக்கிற மிதவை மாதிரி இங்கேயும் ஒரு மிதவை. பெட்ரோல் நிரம்பியதும் மேலேறி, ஊசி முனை வால்வைக் கொண்டு வழியை அடைத்துவிடும். கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலே போக இரண்டு பித்தளை ஜெட்கள். வண்டி நின்றபடி மெதுவாக ஓடும்போதும், ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருகும்போதும் வேலை செய்வது ஸ்லோ ஜெட். வேகம் எடுக்கும்போது மெயின் ஜெட்.

ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கோலமாவுத் துகள் ஒன்று போதும், அதை மூடிவிட. சிக்னலில் அணையும் கதையின் மூலம் பெரும்பாலும் அந்தத் துளையில்தான் இருக்கிறது. ஆனால், அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில் கார்புரேட்டரை மறந்துவிடுங்கள்

சிரிக்க வேண்டாம், முதல் கேள்வி டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா என்பதுதான். பழைய ஸ்கூட்டர்களின் பெட்ரோல் முள் சொல்வதை முழுதாக நம்ப முடியாது. சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து பார்த்துவிடலாம்.

மூடியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. டேங்க்குக்குள் காற்று போக ஒரு மூச்சு வழி தேவை. அது அடைத்துக்கொண்டால் நாலைந்து கிலோமீட்டர் நன்றாக ஓடிய வண்டி, பெட்ரோல் இறங்காமல் மெல்ல மூச்சடைத்து நிற்கும். கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். நின்ற இடத்தில் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, உடனே வண்டியும் கிளம்பினால் விஷயம் முடிந்தது. மூடியைச் சுத்தம் செய்தால் போதும், கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம்.

அடுத்து பிளக். இன்ஜின் ஆறிய பிறகு கழற்றிப் பார்த்தால், ஜாதகம் மாதிரி எல்லாம் சொல்லிவிடும். முனை மாரி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எரிதல் சரி. அடுப்புக்கரி போல கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. வெளுத்துப்போய் இருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் உள்ளே பெட்ரோல் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அப்போது சோக்கை இன்னும் இழுத்து உதைப்பது தவறு. சோக்கை முழுக்க விட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுசாகத் திருகிப் பிடித்து சில முறை உதைத்தால் அதிகப்படி பெட்ரோல் வெளியேறும்.

தேய்ந்த பிளக்கை மாற்ற ஆகும் செலவு, தியேட்டர் பாப்கார்னைவிடக் குறைவு. அதனால் சந்தேகம் வந்தால் முதலில் மாற்றிவிடுவது நல்லது.

மூன்றாவது ஏர் ஃபில்டர். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் பனகல் பார்க், மயிலாப்பூர், அடையாறு என நகரின் இந்தப் பகுதியையே தோண்டிப்போட்டிருக்கும் ஆண்டுகள் இவை. அந்தப் புழுதி எல்லாவற்றையும் வண்டியும் சுவாசிக்கிறது. ஃபில்டர் அடைத்தால் சோக் இழுத்தபடியே ஓட்டுவதற்குச் சமம். மைலேஜ் விழும், புகை கறுக்கும். ஆக்டிவா போன்ற வண்டிகளில் எண்ணெய் பூசிய காகித ஃபில்டர் வரும். அதைக் காற்று அடித்தோ கழுவியோ திரும்பப் போடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். 'ஏர் அடிச்சுப் போட்டுட்டேன்' என்று யாராவது சொன்னால், அந்த ஃபில்டரின் வேலை அத்துடன் முடிந்தது. பஞ்சு ஃபில்டர் என்றால் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவிப் போடலாம்.

வண்டி உறுமுகிறது, ஆனால் நகர மறுக்கிறது என்றால் அது பெல்ட், ரோலர், கிளட்ச் பக்கத்துப் பிரச்னை. சைலன்ஸரில் நீலம் கலந்த வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. இரண்டுக்கும் கார்புரேட்டர் சர்வீஸ் செய்து பயனில்லை. பணம் மட்டும் போகும்.

அறிகுறி என்ன சொல்கிறது?

இத்தனையும் சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால், இப்போது கார்புரேட்டர் பக்கம் திரும்பலாம். எந்த நேரத்தில் மக்கர் செய்கிறது என்பதைக் கவனித்துவைத்துச் சொன்னாலே மெக்கானிக்குக் பாதி வேலை மிச்சம்.

சோக் இழுத்தால் ஓடுகிறது, விட்டால் அணைகிறது. வேகமாகப் போனால் பிரச்னையே இல்லை, சிக்னலில் நின்றால் உயிர் விடுகிறது. இது ஸ்லோ ஜெட் அடைப்பின் அச்சு அசலான அடையாளம். இதற்குப் பலரும் செய்கிற கைவைத்தியம், ஐடில் ஸ்க்ரூவைத் திருகி இன்ஜின் வேகத்தை ஏற்றிவைப்பது. வண்டி அணையாது, நிஜம். ஆனால் அடைப்பு அப்படியே இருக்கும், பெட்ரோல் வீணாகும், ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் வண்டி முன்னால் இழுத்துக்கொண்டே போகும். ரங்கநாதன் தெரு முனைக் கூட்டத்தில் இது ஆபத்து.

இதற்கு நேர்மாறு, நின்றபடி நன்றாக ஓடி, கோட்டூர்புரம் பாலம் ஏறும்போது திணறுவது. மெயின் ஜெட்டில் தூசு, அல்லது பெட்ரோல் போதுமான அளவு இறங்கவில்லை. கார்புரேட்டர் மேல்மூடிக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் டயாபிராமில் சின்னக் கிழிசல் விழுந்தாலும் இப்படித்தான் ஆகும். வேகத்துக்கு ஏற்ப ஊசியைத் தூக்கிக் கொடுப்பது அந்த ரப்பர்தான்.

ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் சத்தம் இறங்க மறுத்தால், கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கலாம். அதன் வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போகிறது. கேபிள் சிக்கியிருந்தாலும் இதே தொல்லை வரும்.

வண்டிக்கு அடியில் பெட்ரோல் சொட்டினால் மட்டும் தள்ளிப்போடவே கூடாது. மிதவை ஊசியில் தூசு சிக்கியிருக்கும் அல்லது ஊசி முனை தேய்ந்திருக்கும். கிண்ணம் நிரம்பி வழிந்து, ஓவர்ஃப்ளோ குழாய் வழியே தரைக்கு வருகிறது. தென்சென்னை அடுக்குமாடிகளில் வண்டி நிறுத்துவது கட்டடத்துக்கு அடியில்தான். அங்கேயே மின்சார மீட்டர் பலகை, சில இடங்களில் இன்வெர்ட்டர், மின்சார வண்டி சார்ஜர். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். வாசனை வந்தால் வண்டியை வெளியே திறந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட வேண்டும். அதை ஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் தப்பிக்கிற ஒரு குற்றவாளி இருக்கிறது. அதன் பெயர் ஆட்டோ காக். பல ஸ்கூட்டர்களில் பெட்ரோலைத் திறக்க, மூடத் தனியாகக் குழாய்ச் சாவி கிடையாது. இன்ஜின் சுழலும்போது உண்டாகும் உறிஞ்சும் விசை, டேங்க்குக்கு அடியில் இருக்கும் ஒரு ரப்பர் டயாபிராமை இழுக்கும், பெட்ரோல் இறங்கும். அந்த ரப்பர் கிழிந்தால், உறிஞ்சு குழாய் வழியாகவே பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் போய்விடும். கறுப்புப் புகை, விழுந்த மைலேஜ், காலையில் ஸ்டார்ட் ஆக அடம். 'கார்ப் ரிச்சா இருக்கு' என்று சொல்லி மூன்று முறை டியூனிங் செய்தும் சரியாகவில்லை என்றால், அந்த உறிஞ்சு குழாயைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் குற்றவாளி அகப்பட்டான். உலர்ந்து இருக்க வேண்டிய குழாய் அது.

பங்க்கில் மாறிப்போன பெட்ரோல்

கார்புரேட்டர் அப்படியே இருக்கிறது, அதற்குள் போகும் பெட்ரோல்தான் மாறிவிட்டது. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-ல் நாடெங்கும் வழக்கமான பெட்ரோலாகவே ஆகிவிட்டது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராம் போதும். அதாவது ஈ20 எரிய, அதே காற்றுக்குக் கொஞ்சம் அதிக எரிபொருள் தேவை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் இதை உணர்ந்து, தானே கூட்டிக் கொடுத்துவிடும். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. அதன் ஜெட் துளை என்ன அளவோ, அதுதான் கணக்கு. அதனால் பழைய வண்டிகளில் கலவை சற்று வறண்டுபோகும். காலையில் ஸ்டார்ட் ஆக முன்பைவிடக் கூடுதல் நேரம், ஆக்ஸிலரேட்டரை விடும்போது சைலன்ஸரில் 'டப் டப்' என்ற வெடிச் சத்தம் இவற்றுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட நிபுணர் குழு அறிக்கையே, பழைய வடிவமைப்பு இருசக்கர வாகனங்களில் ஈ20-ஆல் எரிபொருள் திறன் 3 முதல் 4 சதவிகிதம் குறையலாம் என்றது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் தந்த விளக்கத்தில், சில பழைய வண்டிகளில் 20,000 - 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம், அதற்குப் பெரிய செலவு ஆகாது என்று சொல்லப்பட்டது. செலவு சின்னதுதான். ஆனால் எந்த ரப்பர், எப்போது என்று வண்டிக்காரருக்கு யாரும் சொல்வதில்லை. பெட்ரோல் குழாய், கிண்ணத்தைச் சுற்றியுள்ள ஓ-ரிங், ஊசி முனை, ஆட்டோ காக் டயாபிராம் இவற்றை அடுத்த சர்வீஸில் ஒரு முறை பார்க்கச் சொல்வது புத்திசாலித்தனம். ஊதிப்போய், பிசுபிசுப்பாக, விரலில் கறுப்பு ஒட்டினால் மாற்றிவிட வேண்டியதுதான்.

எத்தனாலுக்கு இன்னொரு குணம், தண்ணீரைக் கண்டால் விடாது. நம் கடற்கரை ஊரின் ஈரக் காற்றில், பாதி காலியான டேங்க்கோடு வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்குள் ஈரம் சேரும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து, ரசத்தின் மண்டி போல அடியில் தங்கிவிடும். டேங்க்கில் பெட்ரோல் இறங்கும் வழியும் அடியில்தானே? முதலில் கார்புரேட்டருக்கு வருவது அந்த மண்டிதான். கிண்ணத்தைக் கழற்றும்போது உள்ளே வெள்ளையாகத் தூள் படிந்திருந்தால், தண்ணீர் உலோகத்தை அரித்திருக்கிறது என்று பொருள்.

மழைநீர் புகுந்தால்

2015 டிசம்பரில் அடையாறு ஆறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் இந்த ஊர் பார்த்த காட்சி, வரிசையாக மூழ்கிக் கிடந்த ஸ்கூட்டர்கள். தண்ணீர் வடிந்ததும் ஆர்வத்தில் செல்ஃப் அடித்துப் பார்ப்பதுதான் பெரிய தப்பு. தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால், கனெக்டிங் ராடே வளையலாம். அத்தோடு சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்துக்குப் போய்விடும்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பிளக்கை எடுத்து, கிக்கரை மெதுவாக மிதித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் பிளக் துளை வழியே வெளியே பீய்ச்சும். ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் டீயில் பால் ஊற்றிய நிறத்தில் இருந்தால், அதை வடித்து மாற்றும் வரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. டேங்க், கார்புரேட்டர் கிண்ணம், ஏர் ஃபில்டர் பெட்டி மூன்றையும் காலி செய்த பிறகுதான் அடுத்த பேச்சு.

ஒர்க் ஷாப்பில் நிற்கும் அந்த அரை மணி நேரம்

வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல், முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியை போல்ட் கழற்றித் தூக்கினால் கார்புரேட்டர் கண்ணில் படும். நல்ல மெக்கானிக் உடனே கழற்றிவிட மாட்டார். கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கொஞ்சம் பெட்ரோலைப் பாட்டிலில் பிடித்துப் பார்ப்பார். ஒன்றுமே வரவில்லை என்றால் கோளாறு மேலே, காக்கிலோ குழாயிலோ. அடியில் தண்ணீர் முத்து உருண்டால் டேங்க்கையே சுத்தம் செய்ய வேண்டும். துருவோ மண்ணோ வந்தாலும் அதேதான். டேங்க்கை விட்டுவிட்டு கார்புரேட்டரை மட்டும் கழுவினால், பத்து நாளில் மறுபடி அதே சிக்னலில் அதே கூத்து. இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம் என்று சில வீடியோக்கள் சொல்கின்றன. இன்ஜின் சூடு ஆறாமல், மூடிய இடத்தில் செய்கிற வேலை இல்லை இது.

சுத்தம் செய்வதற்கென்றே கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே இருக்கிறது. அதை அடித்து, கம்ப்ரஸர் காற்றால் ஒவ்வொரு வழியையும் ஊதுவதுதான் முறை. ஊக்கு, குண்டூசி, ஒயர் எடுத்து ஜெட் துளைக்குள் விட்டுக் குடைந்தால் தடுத்துவிடுங்கள். பித்தளை மென்மையானது, துளை கொஞ்சம் பெரிதானாலும் அந்த வண்டி அதற்குப் பிறகு பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். எந்த டியூனிங்கும் அதைச் சரிசெய்யாது. வாயை வைத்து ஊதுவது, குழாயில் உறிஞ்சுவது போன்ற பழைய பழக்கங்களையும் விட்டுவிட வேண்டும். பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

காற்று, பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைத் தொடும் முன், அது எத்தனை சுற்று திறந்திருந்தது என்று எண்ணி வைத்துக்கொள்பவரைக் கண்டால், அவரை விடாதீர்கள். இன்ஜின் சூடான பிறகுதான் கடைசி டியூனிங் செய்ய வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகு கார்புரேட்டரை மாற்றத்தான் வேண்டும் என்றால், அதற்கான காரணத்தைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சறுக்கும் பிஸ்டன் தேய்ந்து ஆடுகிறதா, உலோகம் அரித்து வழிகள் சிதைந்துவிட்டதா, ஸ்க்ரூ மரை கெட்டுவிட்டதா என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இல்லையென்றால் ஊசி, ஓ-ரிங், கேஸ்கட் அடங்கிய ரிப்பேர் கிட் போதும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடைகளில் வண்டி மாடலும் வருடமும் சொன்னால் எடுத்துத் தருவார்கள். பக்கத்துப் புதுப்பேட்டையில் பழைய கார்புரேட்டரே கிடைக்கும். ஆனால் பழையதில் யார் ஊக்கு விட்டுக் குடைந்தார்கள் என்பது வெளியே தெரியாது. ஜெட் மேல் பொறித்திருக்கும் எண்ணும் உங்கள் வண்டிக்கு உரிய எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. பெட்டியில் கம்பெனி பெயர் போல ஒரு எழுத்து மாற்றி அச்சடித்த போலிகளிலும் கவனம் தேவை.

கார்புரேட்டர் இந்த ஊருக்கு அந்நியமும் இல்லை. ஜப்பானின் மிகுனி நிறுவனத்தோடு கைகோத்து 1980-களில் தொடங்கிய யுகால் ஃப்யூயல் சிஸ்டம்ஸ், மறைமலை நகர் ஆலையில் மாருதி கார்களுக்கான கார்புரேட்டர்களைச் செய்தது. சிக்னலுக்கு சிக்னல் சேத்தக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி உதைத்த அப்பாக்களின் தலைமுறைக்கு அது கிட்டத்தட்ட வீட்டு அறிவு. சாய்க்கும்போது பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக வழிந்து கலவை செழிக்கும் என்பதுதான் அதன் பின்னால் இருந்த விஞ்ஞானம். இன்றைய ஸ்கூட்டரில் அதைச் செய்தால் கிண்ணம் வழிந்து பிளக்தான் நனையும். இப்போது வேலை கற்க வருகிற பையன்கள் லேப்டாப்பும் ஸ்கேனரும் பழகுகிறார்கள், ஜெட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறவர்களுக்கு வயது கூடிக்கொண்டே போகிறது. உங்கள் பேட்டையில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் நம்பரை போனில் பதிந்துவைப்பது நல்லது.

மே மாத லீவுக்கு ஒரு மாதம் ஊருக்குப் போகிற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை வெயிலில் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசின் போல ஸ்லோ ஜெட்டில் ஒட்டிக்கொள்ளும். பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரத்தில் வண்டி அடம்பிடிப்பது இதனால்தான். கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் சொல்லி கிண்ணத்தை மட்டும் வடித்துவிடலாம், டேங்க்கை நிரப்பி நிழலில் நிறுத்தலாம். திரும்பி வந்ததும் முதல் உதையில் கிளம்பவில்லை என்று பதற வேண்டாம். கிண்ணம் காலி, ஆட்டோ காக் திறந்து அது நிரம்புவதற்கு இன்ஜின் கொஞ்சம் சுழல வேண்டும். பத்துப் பதினைந்து உதை ஆகலாம். அதுவரை செல்ஃப் பட்டனைத் தொடாமல் கிக்கரை மட்டும் மிதித்தால், ஒரு மாதம் சும்மா இருந்த பேட்டரியும் பிழைக்கும்.